நூற்றியோராவது ஷேர்

அந்த மாடிப்படியை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் குமட்டிக்கொண்டு வருகிறது. புதுக்கோட்டை கீழ ராஜ வீதியில் ஒரு காப்பி கிளப்பின் பக்கவாட்டில் ஏறும் குறுகலான மரப்படி. இரண்டு பக்கச் சுவரிலும் வெற்றிலை எச்சில். மேலே ஒரே ஒரு அறை. அதில் ஷேர் ஏஜெண்டு ஒருவர் இருந்தார். ஷேரை மட்டும் நம்பினால் உலை வைக்க முடியாது என்பதால் இன்ஷூரன்சும் பிடிப்பார், தையல் மிஷினுக்கும் ஆர்டர் எடுப்பார். அவரிடம் நான் குமாஸ்தா. யுத்தம் வருவதற்கு முந்தைய இரண்டு மூன்று வருஷங்கள் அந்த அறையில்தான் குப்பை கொட்டினேன்.

சமஸ்தானத்தில் வருமான வரி கிடையாது. அதனால் மழைக்காலத்துக் காளான் மாதிரி கம்பெனிகள் முளைத்துக்கொண்டிருந்தன. அதில் ஒன்று பீங்கான் கம்பெனி. விராலிமலைப் பக்கம் பொட்டலில் ஒரு கொட்டகையும் ஒரு புகைபோக்கியும் இருந்தன. புகைபோக்கியில் புகை வந்து நான் பார்த்ததில்லை. ஊறுகாய் ஜாடியும் காப்பிக் கோப்பையும் செய்யப்போவதாகச் சொன்னார்கள். ஒரு ஜாடியைக்கூட யாரும் கண்ணால் பார்த்ததில்லை. ஷேர் ஒன்று பத்து ரூபாய் என்று விற்றார்கள். வாங்கியவர்கள் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டு மறந்துபோனார்கள்.

படியின் அடியில், தெருவைப் பார்த்த மாதிரி, ஒரு கறுப்புப் பலகை மாட்டியிருந்தது. எந்தக் கம்பெனி ஷேர் கடைசியாக என்ன விலைக்குக் கைமாறியதோ அந்த விலையைச் சாக்பீசால் எழுதிவைப்பது என் வேலை. பீங்கான் கம்பெனிக்கு நேரே ஒன்பது என்று எழுதி எட்டு மாதம் ஆகியிருந்தது. யாரும் வாங்கவில்லை, யாரும் விற்கவில்லை. மழைச்சாரலில் எழுத்து மங்கும்போது அதே ஒன்பதின்மேல் மறுபடி ஒன்பது எழுதுவேன். எத்தனை ஷேர் கைமாறியது என்று எழுதும் வழக்கம் இல்லை. விலை மட்டும்தான்.

ஒருநாள் காலையில் காப்பி கிளப் வாசலில் ஒரு கார் வந்து நின்றது. திருமயத்துக்குப் பக்கத்து ஊரில் பெரிய வீடு என்று பேர் வாங்கிய செட்டியார் இறங்கினார். பர்மாவில் கடை உள்ளவர். அவர் யாரையும் தேடிப் போகிற ஆள் இல்லை, ஆட்கள்தான் அவரைத் தேடிப் போவார்கள். அப்படிப்பட்டவர் அந்த எச்சில் படியில் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறினார். கீழே காப்பி குடித்துக்கொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும் டம்ளரை அப்படியே பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தார்கள்.

மேலே வந்தவர் உட்காரக்கூட இல்லை. விஷயம் இதுதான். மகளுக்குக் கல்யாணம். சீரில் வைக்கிற சாமான்களோடு பீங்கான் கம்பெனி ஷேரையும் வைக்கலாம் என்று நினைத்திருக்கிறார். கம்பெனி தொடங்கியவர் அவருக்குச் சிநேகிதர். அந்தத் தாட்சண்யத்துக்காக அந்தக் காலத்தில் நூறு ஷேர் வாங்கிப் போட்டிருந்தார். சும்மா கிடப்பதற்குச் சீர் வரிசையிலாவது உட்காரட்டும் என்பது எண்ணம்.

"நூறு இருக்கு. வீட்டுல மொட்டையா நூறு வைக்கக் கூடாதுங்குறாக. நூத்தியொண்ணா வைக்கணுமாம். ஒண்ணே ஒண்ணு வேணும், வெள்ளிக்கிழமைக்குள்ள," என்றார்.

மொய் எழுதினாலும் சீர் வைத்தாலும் நூற்றுக்கு மேல் ஒன்று சேர்ப்பது நம் ஊர் வழக்கம்தானே. ஏஜெண்டு தலையைச் சொறிந்தார். "ஒத்த ஷேரு விக்கிறதுக்கு ஆளு கெடைக்கணுமேங்க. என்ன விலை வரைக்கும் போகலாம்?"

"விலை கெடக்குது. சாமான் வந்து சேரணும்," என்று சொல்லிவிட்டு அவர் இறங்கிப் போய்விட்டார்.

ஏஜெண்டு என்னைத்தான் அனுப்பினார். பீங்கான் ஷேர் ஐந்து வைத்திருந்த ரிட்டையர்டு போலீஸ் இன்ஸ்பெக்டர் ஒருவர் ஊரில் இருந்தார். போய்க் கேட்டேன். ஒன்பது ரூபாய் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கார் வந்துச்சாமே காலையில?" என்றார். ஊரில் சேதி அப்படித்தான் ஓடும், காலுக்குச் செருப்புக்கூட மாட்டாமல். எனக்கு மறைக்கத் தெரியவில்லை, பெரிய வீட்டுக்குத்தான் என்று உளறிவிட்டேன். "இருபத்தஞ்சு. இஷ்டம்னா எடுத்துக்க, இல்லைன்னா நடையைக் கட்டு," என்றார். இரண்டு நாள் அலைந்தேன். வேறு ஆள் கிடைக்கவில்லை. வியாழக்கிழமை இருபத்தைந்துக்கே வாங்கிக் கொடுத்தோம்.

அன்று சாயங்காலம் ஏஜெண்டு, "பலகையில இருபத்தஞ்சுன்னு எழுதுப்பா," என்றார்.

"ஒண்ணே ஒண்ணுதாங்க கைமாறியிருக்கு. அதுவும் சீருக்காக," என்றேன்.

"ஒண்ணோ ஆயிரமோ, விலைன்னா விலைதான். எழுது."

எழுதினேன். என் கையால்தான் எழுதினேன்.

மறுநாளிலிருந்து ஊருக்குப் பைத்தியம் பிடித்தது. பெரிய வீட்டுச் செட்டியாரே நேரில் வந்து, பேரம் பேசாமல், மூணு மடங்கு விலை கொடுத்து வாங்கிப்போனார் என்றால் உள்ளே என்னமோ இருக்கிறது என்றார்கள். ஜப்பான் கோப்பை இனிமேல் வராதாம் என்றான் ஒருவன். களிமண்ணில் வெள்ளி கிடைத்திருக்கிறதாம் என்றான் இன்னொருவன். கேப்பையில் நெய் வடிகிறது என்றால் கேட்கிறவனுக்குப் புத்தி எங்கே போயிற்று? ஒருத்தனாவது ஒரு வண்டி பிடித்து விராலிமலைக்குப் போய் அந்தப் புகைபோக்கியில் புகை வருகிறதா என்று பார்த்தானா? கிடையாது. எல்லோரும் பார்த்தது எங்கள் மாடிப்படியைத்தான். யார் ஏறுகிறார்கள், யார் இறங்குகிறார்கள், இறங்கும்போது முகம் எப்படி இருக்கிறது. காலையில் கிளப் திறந்ததும் வந்து உட்கார்ந்தால் ஒரு காப்பியை வைத்துக்கொண்டு மத்தியானம் வரை இதே வேலை.

அறந்தாங்கி ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் வருஷா வருஷம் எங்களிடம் இன்ஷூரன்ஸ் கட்ட வருவார். அந்த வருஷமும் வந்தார். இறங்கும்போது கிளப்பில் யாரோ, "என்ன விஷயமா வந்தீங்க?" என்று கேட்டார்கள். "பிரீமியம் கட்டிட்டு வாரேன்," என்றார் மனிதர். ஷேருக்கு அதன் விலைக்கு மேல் கொடுப்பதையும் பிரீமியம் என்றுதான் சொல்வது. போதாதா? அறந்தாங்கிக்காரர்களும் பிரீமியம் கொடுத்து வாங்குகிறார்கள் என்று அரை மணியில் வடக்கு ராஜ வீதி வரை போய்விட்டது. அன்று மூன்று ஷேர் இருபத்தெட்டுக்குக் கைமாறியது. பலகையில் இருபத்தெட்டு எழுதினேன்.

செட்டியாருடையது போக, ஊர் முழுவதையும் சல்லடை போட்டுச் சலித்தாலும் அந்தக் கம்பெனி ஷேர் நூறோ நூற்றைம்பதோதான் தேறும். வைத்திருந்தவன் இன்னும் ஏறட்டும் என்று கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். விற்கிறவன் இல்லாத சந்தையில் விலை ஏறாமல் என்ன செய்யும்? வாரத்துக்கு ஐந்து, ஆறு ஷேர் கைமாறும், அவ்வளவுதான். அந்த ஐந்து ஆறை வைத்துக்கொண்டு ஊரே தன்னைப் பணக்காரன் என்று நினைத்தது.

நான் சும்மா இருக்கவில்லை. கிளப்பில் நின்று உரக்கவே சொன்னேன். செட்டியார் வாங்கியது ஒரே ஒரு ஷேர், மகள் சீருக்கு, நூற்றியொன்று ஆக வேண்டும் என்பதற்காக, வேறு எந்த மர்மமும் இல்லை என்றேன். முதலில் சிரித்தார்கள். "பய கமுக்கமா வாங்கிப் போட்டுக்கிட்டு நம்மளைக் கலைக்கிறான்," என்றான் ஒரு வக்கீல் குமாஸ்தா. பிறகு பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர், படித்தவர், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அப்படியே இருக்கட்டும்ங்க. பெத்த மக சீருக்கே வைக்கிறாகன்னா அது எம்புட்டுக் கெட்டியான சரக்கா இருக்கணும்?" அத்தனை தலையும் ஆடியது. தூ. நான் சொன்ன நிஜத்தையே எடுத்து அவர்கள் பொய்க்கு முட்டுக்கொடுத்துவிட்டார்கள். அந்த மாதமே இரண்டு கல்யாணத்தில் மொய்யோடு பீங்கான் ஷேர் ஒன்று வைத்தார்கள் என்று கேள்விப்பட்டேன்.

இந்த இடத்தில் என் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு ஒரே அக்கா. திருமயத்தில் வாழ்க்கைப்பட்டு, இருபத்தாறு வயதில் தாலி அறுத்தவள். குழந்தை இல்லை. புருஷனுடைய தம்பி வீட்டில் பின்கட்டில் ஒரு மூலையில் இருந்தாள். அந்த வீட்டில் தண்ணீர் எடுப்பது, நெல் குத்துவது, மாட்டுச்சாணம் அள்ளுவது எல்லாம் அவள்தான். விசேஷ நாளில் மட்டும் முன்பக்கம் வரக்கூடாது. தன் நகைகளை விற்று முந்நூற்று இருபது ரூபாய் வைத்திருந்தாள். அதை வைத்து ஒரு சின்ன வீடு வாங்கிப் போய்விட வேண்டும் என்பது அவளுடைய ஒரே ஆசை.

"எனக்குன்னு ஒரு கதவு வேணும் தம்பி. நானே சாத்தணும், நானே தொறக்கணும்," என்பாள்.

வீடும் அமைந்தது. அதே தெருக்கோடியில் ஓடு போட்ட ஒற்றை அறை, பின்னால் ஒரு முருங்கை மரம். வீட்டுக்காரர் பினாங்கில் கணக்குப்பிள்ளையாக இருந்து திரும்பியவர், அரைகுறை இங்கிலீஷ் தெரியும். அவருக்கும் பீங்கான் பைத்தியம். வீட்டை விற்று ஷேர் வாங்க வேண்டும். அதனால் வீட்டுக்கு ரூபாயில் விலை சொல்லவில்லை. "பன்னெண்டு ஷேரு. அன்னைக்குப் பலகையில என்ன விலை இருக்கோ, பன்னெண்டுக்கு உண்டானதைக் குடுத்துட்டுப் பத்திரத்தை வாங்கிக்க," என்றார். இப்படி வீட்டுக்கு விலை சொல்வதை எந்த ஊரிலாவது கேட்டதுண்டா?

அக்கா பஸ் ஏறிப் புதுக்கோட்டைக்கு என் வீட்டுக்கு வந்தாள். அறந்தாங்கிக்காரர் வந்துபோவதற்கு முன்னால் நடந்தது இது; பலகை அப்போது இருபத்தைந்தில்தான் இருந்தது. பன்னிரண்டுக்கு முந்நூறு ரூபாய். அவளிடம் முந்நூற்று இருபது. அன்றைக்கே முடித்திருக்கலாம்.

"முடிச்சுரட்டுமா தம்பி?" என்று கேட்டாள்.

நான் பெரிய புத்திசாலி இல்லையா? எனக்குத்தான் உள்விவகாரம் எல்லாம் தெரியுமே. "அவசரப்படாதக்கா. இது புஸ்வாணம். இன்னும் ஒரு மாசத்துல பழையபடி ஒம்போது ரூபாய்க்கு வந்துரும். அப்ப அதே வீட்டை நூத்திச் சொச்சத்துக்கு முடிக்கலாம்," என்றேன்.

அவள் என் பேச்சைத் தட்டியதே இல்லை. சரி என்று திரும்பிப் போய்விட்டாள். ஊரிலேயே நான் சொன்னதை நம்பிய ஒரே ஆள் அவள்தான்.

பலகை முப்பதைத் தாண்டியது. பிறகு முப்பத்திரண்டு. பிறகு முப்பத்தைந்து. ஒவ்வொரு தடவை நான் எழுதும்போதும் திருமயத்தில் அந்த ஒற்றை அறை அவளை விட்டு விலகிக்கொண்டே போயிற்று. அவள் ஒரு வார்த்தை என்னைக் கேட்கவில்லை. நான்தான் பழையதை அழித்துப் புதியதை எழுதும்போது பல்லைக் கடித்துக்கொள்வேன்.

என்னைப் பற்றியும் சொல்லித்தான் ஆகவேண்டும். ஊரை இவ்வளவு ஏசிவிட்டு என்னைத் தப்பவிட்டால் அது நியாயம் இல்லை.

கிளப்பில் காப்பி கொண்டுவந்து வைக்கிற ஆள் ஒருவன் இருந்தான். அவன் ஆரம்பத்திலேயே கடன் உடன் வாங்கி இரண்டு ஷேர் வாங்கியிருந்தான். விலை ஏற ஏற, கிளப்பில் அவனை முதலாளி என்று கேலியாகக் கூப்பிட ஆரம்பித்தார்கள். அப்புறம் கேலி போய் நிஜமாகவே கூப்பிட்டார்கள். ஒருநாள் நான் காப்பி குடித்துவிட்டுக் காசை எடுத்தபோது அவன் என் கையைப் பிடித்துத் தடுத்தான். "இருக்கட்டும் சார், எங் கணக்குல போகட்டும். நீங்க பாவம், ஒண்ணுகூட வாங்காம விட்டுட்டீங்க," என்றான். குத்தலாகச் சொல்லவில்லை. நிஜமான இரக்கத்தோடுதான் சொன்னான்.

ஊர் ஓடினால் ஒக்க ஓடு, ஒருத்தன் ஓடினால் கேட்டு ஓடு என்று ஒரு பழமொழி சொல்வார்கள். அந்த வாரம் முழுவதும் அதுதான் மண்டைக்குள் சுற்றியது. இத்தனை பேரும் முட்டாளா, நான் ஒருத்தன்தான் அறிவாளியா? வாத்தியார், வக்கீல் குமாஸ்தா, இன்ஸ்பெக்டர் எல்லோருக்கும் தெரியாதது எனக்கு என்ன தெரிந்துவிட்டது? எனக்குத் தெரிந்தது நூற்றியொன்று ஆவதற்கு ஒன்று குறைந்தது என்பதுதான். அது மட்டும்தான் நிஜம் என்றும் எனக்குத் தெரியும். தெரிந்தும் என் சம்சாரத்திடம் சங்கிலியைக் கேட்டேன். அவள் கழற்றிக் கொடுத்தாள். அடகு வைத்து, கையிலிருந்ததையும் போட்டு, எட்டு ஷேர் முப்பத்தாறுக்கு வாங்கினேன். என் பேருக்கு மாற்றிக் கம்பெனியிலிருந்து காகிதம் வந்தபோது அதை நெஞ்சோடு வைத்துப் பார்த்தேன். வெட்கக்கேடு.

பலகை நாற்பதைத் தொட்ட சமயத்தில், ஒரு திங்கட்கிழமை, பெரிய வீட்டு மாப்பிள்ளை எங்கள் அறைக்கு வந்தார். கல்யாணம் முடிந்து சீர் எல்லாம் அவர் வீடு போய்ச் சேர்ந்திருந்தது. பி.ஏ. படித்தவர். விராலிமலைக்குப் போய்க் கம்பெனியைப் பார்த்துவிட்டு வந்தேன் என்றார். அத்தனை பேரில் போய்ப் பார்த்த ஒரே மனிதர். "நூத்தியொண்ணையும் வித்துக் குடுங்க," என்றார் சாதாரணமாக.

அவர் போனபிறகு ஏஜெண்டு ஜன்னல் கதவைச் சாத்தினார். "வாயத் தொறந்துராதப்பா. பத்துப் பத்தாத்தான் வெளிய விடணும். நூத்தியொண்ணு விலைக்கு வருதுன்னு தெரிஞ்சா நாறிப்போயிரும்," என்றார். இந்த ஊரில் ஒரே நேரத்தில் பத்து ஷேர் வாங்க ஆள் கிடையாது என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

எனக்கு அப்போது வந்தது ஒரே நினைப்பு. என் எட்டை இன்றைக்கோ நாளைக்கோ தள்ளிவிட வேண்டும். ஆனால் யாரிடம்? ஏஜெண்டின் குமாஸ்தாவே விற்கிறான் என்றால் கிளப்பில் அந்த நிமிஷமே கதை முடிந்தது. வாங்குகிற ஆள் அது யாருடையது என்று கேட்காத ஆளாக இருக்க வேண்டும். வெளியே சொல்லாத ஆளாகவும் இருக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அக்கா வந்தாள். அவளாகத்தான் வந்தாள், நான் கூப்பிடவில்லை. இதைச் சொல்லி என்னைச் சமாதானம் செய்துகொள்ள எத்தனையோ வருஷம் முயன்றிருக்கிறேன். திருமயத்திலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருந்தாள். அந்த எச்சில் படியில் சேலையை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு ஏறிவந்து, கதவோரமாக நின்றாள். ஏஜெண்டு சாப்பிடப் போயிருந்தார்.

வீட்டுக்காரர் ஒரு வழி சொல்லியிருக்கிறாராம். எட்டு ஷேரைக் காகிதமாகவே கொண்டுவந்து கொடுத்தால் இப்போதே வீட்டைத் திறந்துவிடுகிறாராம். மிச்சம் நாலை ஒரு வருஷத்துக்குள் கொடுத்தால் போதுமாம். அக்கா கணக்குப் போட்டிருந்தாள். நாற்பது ரூபாய் விலைக்கு அவளிடம் இருக்கிற பணத்தில் சரியாக எட்டு வரும். இன்னும் பொறுத்தால் ஆறுதான் வரும். மிச்சம் நாலுக்கு அப்பளம் இட்டு விற்றாவது சேர்த்துவிடுவாள்.

"இன்னும் ஏறுமா தம்பி?" என்று கேட்டாள்.

"ஏறும்."

"அன்னைக்கு எறங்கும்னியே?"

"அன்னைக்குத் தெரியாமச் சொல்லிட்டேன்க்கா."

நிஜத்தைச் சொன்ன நாளைத் தெரியாமல் சொன்னேன் என்றேன். "அப்ப ஒரு எட்டு வாங்கிக் குடு," என்று இடுப்பிலிருந்து துணி முடிச்சை அவிழ்த்தாள்.

யாருடைய ஷேர் என்று கேட்கவில்லை. மேஜை இழுப்பறையிலிருந்து என் காகிதத்தையே எடுத்தேன். பேர் மாற்றுகிற ஃபாரத்தில் விற்கிறவன் இடத்தில் இங்கிலீஷில் கையெழுத்துப் போட்டேன். வாங்குகிறவள் இடத்தில் அவளுடைய கைநாட்டை வாங்கினேன். அவளுக்கு மையைத் துடைத்துக்கொள்ளக் காகிதம்கூடக் கொடுத்தேன். கம்பெனிக்கு அனுப்பினால் பத்துப் பதினைந்து நாளில் அவள் பேருக்கு மாறித் தபாலில் வந்துவிடும் என்று சொன்னேன். கீழே கூட்டிப்போய்க் காப்பி வாங்கிக் கொடுத்தேன். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தைக் கல்யாணத்துக்குப் பிறகு நான் பார்த்ததில்லை. பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பினேன்.

எட்டு ஷேரில் எனக்கு முப்பத்திரண்டு ரூபாய் லாபம் என்பதையும் எழுதிவிடுகிறேன். சங்கிலியை மீட்டேன். மிச்சத்தில் சம்சாரத்துக்கு ஒரு சுங்கடிச் சேலை எடுத்தேன். அவளிடம் எதையும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை மாப்பிள்ளைக்குப் பொறுமை போய்விட்டது. அவரே கிளப்புக்குள் வந்து நின்று, "பீங்கான் ஷேரு நூத்தியொண்ணு இருக்கு, யாருக்காச்சும் வேணுமா?" என்று கேட்டுவிட்டார். அவ்வளவுதான். வாங்க ஓடிய அதே கால்கள் விற்க ஓடின. ஒருவரை ஒருவர் இடித்துத் தள்ளிக்கொண்டு எங்கள் படியில் ஏறினார்கள். மூக்குக்கண்ணாடி வாத்தியார் முன்னால் நின்றவனை முழங்கையால் குத்தியதை நான் என் கண்ணால் பார்த்தேன். கொஞ்ச நாளைக்கு முன்னால் என்னைக் கமுக்கப் பயல் என்ற வக்கீல் குமாஸ்தா, என் தாடையைத் தொட்டு, "அண்ணே, எம் மூணை மட்டும் தள்ளிவிட்ருங்கண்ணே," என்றான். என்னைவிட மூத்தவன் அவன். வாங்க ஒரு நாதி இல்லை.

இதில் ஒரு கூத்து. கைமாறினால்தானே பலகையில் புது விலை எழுத முடியும்? ஒன்றும் கைமாறவில்லை. அதனால் பலகையில் நாற்பது நாற்பதாகவே நின்றது. நாலு ரூபாய்க்குக்கூட யாரும் கேட்காத சரக்குக்கு நேரே நாற்பது. சிலர் தினமும் வந்து அந்த நாற்பதைப் பார்த்துவிட்டு ஆறுதலாகப் போவார்கள். மூன்று வாரம் கழித்து ஒருவன் வைத்தியச் செலவுக்கு அவசரம் என்று நாலு ஷேரை இரண்டு ரூபாய் வீதம் கொடுத்தான். அன்றைக்குத்தான் நாற்பதை அழித்து இரண்டு என்று எழுதினேன். அதற்கப்புறம் அது சமஸ்தானத்துச் செப்புத் துட்டான அம்மன் காசுகூடப் பெறவில்லை. ஏஜெண்டு தையல் மிஷின்களை எடுத்துக்கொண்டு திருச்சிக்குப் போய்விட்டார். நான் ஒரு நெல் மண்டியில் வேலைக்குச் சேர்ந்தேன்.

அக்கா பேருக்கு மாறின காகிதம் இந்தக் கூத்துக்கு நடுவில்தான் தபாலில் போய்ச் சேர்ந்திருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு வீட்டுக்காரரிடம் போயிருக்கிறாள். அவர் வாங்கிப் பார்த்துவிட்டு, "இதைக் கொண்டுபோயி அடுப்புல போடு," என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். வீட்டைப் பிறகு வேறு யாருக்கோ விற்றுவிட்டார். இதெல்லாம் அவளே ஒருநாள் வந்து சொன்னதுதான். என்மேல் ஒரு குறை சொல்லவில்லை. "விதி அப்புடி இருந்தா நீ என்ன பண்ணுவ?" என்றாள். நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.

அவளிடம் பணம் இருக்கிறது என்ற சந்தேகம் இருந்தவரை கொழுந்தன் வீட்டில் ஓரளவு மரியாதை இருந்தது. போய்விட்டது என்று தெரிந்ததும் பின்கட்டு மூலையும் போயிற்று. மாட்டுக்கொட்டகையை ஒட்டி ஒரு தட்டி கட்டிக் கொடுத்தார்கள். அதற்குக் கதவு கிடையாது, சாக்குப் படுதாதான்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷத்தில், மண்டி வேலையாகத் திருமயம் போனவன் ஒரு மத்தியானம் அவளைப் பார்க்கப் போனேன். அரிசிக்குத் தட்டுப்பாடு. எனக்கென்று யார் வீட்டிலோ கேட்டு வாங்கிவந்து சோறு வடித்தாள். கொட்டகை ஓரத்தில் சாக்கை விரித்து உட்காரவைத்து இலை போட்டாள். சாணி நாற்றத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை, ஆனாலும் சாப்பிட்டேன். கம்பெனியை ஏலம் போட்டுவிட்டார்கள், புகைபோக்கியை இடித்துச் செங்கல்லை விற்கிறார்கள் என்று சொன்னேன். இப்படி ஊரை ஏமாற்றிவிட்டார்களே படுபாவிகள் என்றும் சொன்னேன்.

அக்கா மோர் ஊற்றிக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

"அந்தக் காகிதத்துக்குப் பின்பக்கம் யாருகிட்டேருந்து எம் பேருக்கு மாறுச்சுன்னு இங்கிலீசுல எழுதியிருந்துச்சாம். வீட்டுக்கு விலை சொன்ன பினாங்குக்காரக அன்னைக்கே படிச்சுச் சொன்னாக," என்றாள்.

என் கை சோற்றிலேயே நின்றது.

"ஒனக்குப் பணமுடைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா சும்மாவே குடுத்திருப்பேனே தம்பி. எதுக்கு அந்தக் காகிதத்தைக் குடுத்த?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்டாள். இலையில் இருந்ததை ஒரு பருக்கை விடாமல் தின்றுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, மூணு மணி பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொல்லி எழுந்து வந்துவிட்டேன்.